ஆட்சியாளர் கற்ற தமிழ்: சென்னைக் கோட்டைக் கல்லூரி பற்றிய ஒரு நோக்கு

அயல்நாடொன்றை நிருவகிக்க அனுப்பப்படும் உத்தியோகத்தர், அந்நாட்டின் மொழியையும் வழக்காறுகளையும் முன்னரே பயிலவேண்டும் என்னும் கொள்கை, பண்பாட்டு நல்லெண்ணத்தின் வெளிப்பாடாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. எனினும், அது நிறுவன வடிவம் பெற்ற வரலாற்றுச் சூழலை நோக்கின், அதன் உந்துவிசை வேறு என்பது புலனாகும்.

கிழக்கிந்தியக் கம்பனி வணிக நிறுவனமாக இருந்தவரை துபாஷிகள் அதற்குப் போதுமானவர்களாயிருந்தனர். நிலவரி பெறும் அரசாக அது மாறியபொழுது நிலைமை வேறாயிற்று. கணக்கும் மனுவும் வழக்கும் உள்நாட்டு மொழிகளில் வந்தன. மொழியறியாத கலெக்ரர், தம்கீழ்ப் பணிபுரிந்தோர் கூறியதையே நம்பவேண்டியவரானார். இத்தேவையின் விளைவாகவே 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியும், 1806இல் இங்கிலாந்தில் கம்பனியின் கல்லூரியும், 1812இல் சென்னையில் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரியும் தோன்றின. இங்கிலாந்திற் பயின்று வந்த இளம் உத்தியோகத்தர், மாவட்டப் பதவிகளுக்குச் செல்லுமுன் சென்னையில் தென்னாட்டு மொழிகளைக் கற்றனர்.

சென்னைக் கல்லூரியின் சிற்பி பிரான்சிஸ் வைற் எல்லிஸ் ஆவார். அவரது இரு ஆக்கங்களை ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடையது. 1816இல் வெளிவந்த கம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன சமஸ்கிருதத்தின் வழிவந்தவையல்ல, தம்முள் உறவுடையவை என அவர் நிறுவினார். கல்கத்தா அறிஞர் கருத்துக்கு அது நேரெதிரானது. கால்டுவெலின் ஒப்பிலக்கணம் வெளிவர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. மற்றையது, 1818இல் வெளியான மிராசு உரிமை பற்றிய ஆய்வு. மொழியின் வேரைத் தேடிய அதே அறிவு, நிலத்தின் உடைமையையும் தேடியது. இரண்டும் ஒரே நிருவாகத் தேவையின் இரு முகங்கள்.

ஆயின், இவ்வறிவு ஆட்சியாளரின் தனியுழைப்பால் விளைந்ததன்று. எல்லிஸின் மொழியாய்வுக்கு மாமிடி வேங்கையரின் அகராதியும், கல்லூரி ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரியின் சொல்வேர்த் தொகுப்பும் ஆதாரமாயின. அங்கு தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியார், பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் ஆக்கினார். அந்நியருக்குக் கற்பிக்கவேண்டிய நிர்ப்பந்தம் நவீன உரைநடையின் வளர்ச்சிக்கு ஒரு தூண்டுதலாயிற்று. இது ஆட்சியாளர் எண்ணியிராத பேறாகும்.

இதனை வியந்து நின்றுவிடுதல் போதாது. கல்லூரியில் கற்பித்தோர் ஏடறிந்த சமூகப் பிரிவுகளைச் சார்ந்தோர்; மிராசு ஆய்வு முதன்மையாக ஆராய்ந்தது நிலவுரிமையுடையோரின் உரிமைகளையே. வயலில் உழைத்த பண்ணையாட்களின் பேச்சும் அநுபவமும் பாடமாகவில்லை. ஆகவே, இளம் உத்தியோகத்தர் 'நாடு' என அறிந்துகொண்டது, அந்நாட்டின் மேல்தட்டு தன்னைப்பற்றிக் கூறிய விளக்கத்தையே எனலாம். வரி ஏட்டுக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

1854இல் கல்கத்தா, சென்னைக் கல்லூரிகள் இரண்டும் மறைந்தன. 1835இல் ஆங்கிலக் கல்விக்கு அளிக்கப்பட்ட முதன்மை, ஆங்கிலம் அறிந்த உள்நாட்டு உத்தியோக வர்க்கமொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆள்வோர் மக்களின் மொழியைக் கற்கவேண்டிய கட்டாயம் தளர, ஆளப்படுவோர் ஆள்வோரின் மொழியைக் கற்கவேண்டிய கட்டாயம் இறுகியது. ஒரு பிரதேசத்தை 'அறிதல்' பற்றிப் பேசப்படும் எக்காலத்திலும், யாரிடமிருந்து, யாருடைய நலனுக்காக என்னும் வினாக்களை எழுப்புதல் ஆய்வாளரின் கடமையாகும்.