மாதவிடாய் நின்றபின் ஒரு மாத்திரையின் கதை

பிள்ளைகளே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மாணவிகள் பலருக்கு ஐம்பது நெருங்குகிறது. திடீர்ச் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை. மாத்திரை போடலாமா என்று கேட்கிறீர்கள். அதன் வரலாற்றைச் சொல்கிறேன்.

1942-இல் அமெரிக்காவில், சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வந்தது. சூடு தணிந்தது. 1975-இல் தனி ஈஸ்ட்ரோஜனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் கூடுவது தெரிந்தது. அதனால் கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2002-இல் அந்தக் கூட்டு மருந்தின் பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எலும்பு முறிவு குறைந்தாலும் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்த உறைவு கூடியிருந்தன.

பலர் பயந்து விட்டுவிட்டார்கள். ஆனால் ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு என்று பின்னர் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக ஆகாது.

பல்லைக் கடித்துத் தாங்கவும் வேண்டாம், கடையில் நீங்களே வாங்கவும் வேண்டாம். பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள்.