ஓசை மாறிய பெயர்களும் உடைந்த பெயர்களும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து சீன வணிகரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்போர் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்பர். அவர்களுள் பலர் தம் சொந்தப் பெயரின் ஓசையை ஒத்த ஆங்கிலப் பெயரொன்றைத் தேர்ந்து பயன்படுத்துகின்றனர். நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நம் முன்னோரும் இவ்வழியே நடந்தவர்கள்தாம்.

தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள பழவேற்காட்டையே பார்ப்போம். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர் நாவிலும், அவர்களுக்கு முன் வந்த போர்ச்சுகீசியர் நாவிலும் 'ழ' நுழையவில்லை. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் அவ்வூர் 'புலிகாட்' என்றே நிலைத்தது. ஓசையின் சாயல் தங்கியது, வேலங்காடு மறைந்தது.

அரபுப் பெயர்கள் தமிழுக்குள் வந்தபோது நிகழ்ந்தது வேறு. ஹஸன் அசனானார், ஃபாத்திமா பாத்துமா ஆனார். ரகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வாராது என்பதால், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் ரசூலை 'இறசூல்' என்றார். அன்னை கதீஜா அவர் பாட்டில் 'கதீசா' ஆனார். புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளலின் பெயர் ஷெய்கு அப்துல் காதிர். மூன்று சொல்லும் ஒன்றாய் உருகிச் 'சீதக்காதி' ஆயிற்று. சீதம் என்றால் தமிழில் குளிர்ச்சி. வள்ளலுக்கு இதைவிடப் பொருந்தும் பெயரைத் தேடித்தான் வைக்க முடியுமா?

சீன முஸ்லிம்களின் கதையும் இதற்கு நெருங்கியதே. முஹம்மது என்னும் பெயரின் முதலோசையை நினைவூட்டும் 'மா' அவர்களிடையே பரவலான குடும்பப் பெயர். அதை எழுதும் சீன எழுத்துக்குக் குதிரை என்று பொருள்! புகழ்பெற்ற கடற்தளபதி செங் ஹே பிறந்ததும் மா குடும்பத்தில்தான். 'செங்' பேரரசர் அளித்த பெயர். 1405இல் அவர் தந்தைக்கு எழுப்பிய கல்லறைக் கல்வெட்டு, அவரை 'ஹாஜி' என்பதன் சீன ஓசையாலேயே குறிக்கிறது. அதே தளபதி இலங்கையின் காலியில் நாட்டிய கல்வெட்டில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் உண்டு. வெளியில் சீனப் பெயர் தாங்கிய இம்மக்கள், இமாம் சூட்டும் அரபுப் பெயரொன்றையும் தனியே காத்து வந்தனர்.

ஓசை வளைந்ததால் பெயர் கெடவில்லை. நமக்கு இன்று நேர்வது வேறு வகைச் சேதம். ஆங்கிலப் படிவம் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டாகக் கேட்கிறது. ஆற்றலுடையோனின் அடியான் என்னும் பொருளுடைய 'அப்துல் காதிர்' அங்கே துண்டாகிறது. வருகைப் பதிவேட்டில் வெறும் 'அப்துல்' எஞ்சுகிறது. அது முடியாத சொல். மறுபாதியோ இறைவனின் திருநாமம். அதை மட்டும் மனிதருக்கு இட்டு அழைப்பது நம் மரபில் தகாது. எழுத்துப் பிழை இல்லாமலேயே பெயர் உடைந்து போகிறது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையோர் பார்வையாளர் விசாவில் நுழைவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பின்னர், இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் எனத் தளர்த்தியது. பிள்ளைகளுக்குப் புதிதாய் விண்ணப்பிக்கும் பெற்றோர், 'அப்துல் காதிர்' முழுவதையும் முதற்பெயர்க் கட்டத்திலேயே எழுதி, குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரை இடலாம்.