உயிலும் திருச்சபையும்

கிறிஸ்தவத் திருச்சபை உயில் வழியாகச் சொத்துப் பெறலாம் என்று வெளிப்படையாகச் சட்டம் செய்தவன் உரோமைப் பேரரசன் கான்ஸ்டன்டைன். கி. பி. 321-ஆம் ஆண்டில் எழுந்த அச்சட்டம், சாகுங்கால் எவரும் தாம் விரும்பியதைத் திருச்சபைக்கு விட்டுச் செல்லலாம் என்றது. அரை நூற்றாண்டு கழிவதற்குள் அதன் மறுபக்கமும் தெரியலாயிற்று. கைம்பெண்களின் இல்லங்களைச் சுற்றி வந்து அவர்தம் உயில்களில் இடம்பிடித்த குருமாரும் இருந்தனர். 370-ஆம் ஆண்டில் முதலாம் வாலன்டீனியன் அத்தகைய கொடைகள் செல்லா என ஆணையிட்டான். அவ்வாணை உரோமைக் கோயில்களிலேயே படிக்கப்பெற்றது. ஜெரோம் இதுபற்றி எழுதுகையில் சட்டத்தைக் குறை கூறினாரல்லர். அச்சட்டம் வேண்டப்படும் நிலைக்குத் தம்மவர் தாழ்ந்தமை குறித்தே வருந்தினார்.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய அகஸ்தீன் நடந்துகொண்ட முறை தனித்து நோக்கத்தக்கது. அவருடன் வாழ்ந்த குருமார் தமக்கெனப் பொருள் வைத்துக்கொள்ளலாகாது என்பது அங்கு விதி. ஜனுவாரியுஸ் என்னும் குருவோ ஒரு தொகையைத் தம் மகளுடையது என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார். சாகுங்கால் அது தம்முடையதே என்று கூறி, மகளையும் மகனையும் விலக்கிவிட்டு, திருச்சபைக்கு எழுதிவைத்தார். அகஸ்தீன் அதனை ஏற்க மறுத்தார். மறுத்ததோடு நில்லாது, 425-ஆம் ஆண்டின் இறுதியில் மக்கள் முன்னிலையில் அதனை எடுத்துரைத்தார். பின்னர் அப்பொருள் அவ்விரு மக்களுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது.

அவர் எல்லாக் கொடைகளையும் மறுத்தாரல்லர். ஒரு மகனுடையவன் கிறிஸ்துவை இரண்டாம் மகனாகக் கொண்டு பங்கு தரலாம் என்பதே அவர் காட்டிய வழி. பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தரும் கொடையைத்தான் அவர் தொடவில்லை. கார்த்தேஜ் ஆயர் அவுரேலியுஸின் செயலையும் அவர் புகழ்ந்து கூறினார். பிள்ளைப்பேறு இல்லையென்று கருதிய ஒருவர் தம் உடைமையைத் திருச்சபைக்கு எழுதித் தந்தார். பின்னர் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தன. கொடுத்தவர் கேளாமலே ஆயர் திருப்பித் தந்தார். சட்டப்படி அவர் வைத்துக்கொண்டிருக்கலாம் என்பதை ஈண்டு மறத்தலாகாது.

ஆயரின் மனச்சான்று செய்த இவ்வேலையைப் பிற்காலத்தில் சட்டமே மேற்கொண்டது. ஆனால் மனச்சான்று ஆளைப் பார்த்தது. சட்டம் நாளை எண்ணியது. இங்கிலாந்தின் 1736-ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தை உயிலால் அறத்துக்கு விடுதலையே தடுத்தது. கொடுப்பவர் இறப்பதற்கு 12 மாதங்கள் முன்னரே பத்திரம் எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். மரணப் படுக்கையில் அஞ்சி நிற்பவரின் குடும்பத்தைக் காப்பது இதன் நோக்கமென்பர். அச்சட்டம் பினாங்குக்குப் பொருந்தாது என்பது, ஒரு சீனப் பெருமாட்டியின் உயில் வழக்கில் 1875-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் கூறிய கருத்து. (அவ்வம்மையார் முன்னோர் வழிபாட்டுக்கு விட்ட கொடை வேறொரு விதியால் வீழ்ந்தது என்பது தனிக் கதை.)

இந்தியாவுக்கோ அக்கருத்து வேறு வாயிலாக வந்தது. 1865-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் புகுந்து, 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவாக நிலைத்தது. உடன்பிறந்தாரின் மகனோ மகளோ அவரினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயத்துக்கோ அறத்துக்கோ உயில் எழுதினால், எழுதி 12 மாதங்களாவது உயிர் வாழ்தல் வேண்டும். எழுதிய 6 மாதங்களுக்குள் உயிலை உரிய இடத்தில் ஒப்படைத்தலும் வேண்டும். இந்துக்களையும் முஸ்லிம்களையும் இவ்விதி தொடவில்லை, கிறிஸ்தவரைப் பிணித்தது. நல்ல உடல்நலத்தோடு உயில் எழுதியவர் பதினோராம் மாதத்தில் விபத்தில் இறந்தாலும் கோயிலுக்கும் அனாதை இல்லத்துக்கும் அவர் விட்டது செல்லாது. அதே மனிதர் தம் பிள்ளைகளை விலக்கி நண்பர் ஒருவருக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தால், இப்பிரிவு குறுக்கே நில்லாது! குடும்பத்தைக் காக்கும் சட்டம் என்னும் பெயர் இதற்கு எங்ஙனம் பொருந்தும்?

கேரளக் குரு ஒருவர் தொடுத்த வழக்கில், 2003-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அரசியலமைப்பின் 14-ஆம் விதிக்கு முரணானதென்று நீக்கியது.