ஒரே அதிகாரத்தில் ஒரு மரணமும் ஒரு விடுதலையும்

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அதன் இரண்டாம் வசனத்தைத் தாண்ட எனக்கு நேரமாகும். கி.பி. 41 முதல் 44 வரை யூதேயாவை ஆண்ட ஏரோது அகிரிப்பா, யோவானின் சகோதரனான யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். அதற்கு எருசலேமில் வரவேற்பு இருப்பதைக் கண்டு பேதுருவையும் பிடித்துச் சிறையில் வைக்கிறான். யாக்கோபு மாண்டார், பேதுருவைத் தூதன் வந்து விடுவித்தான். ஆண்டவர் ஒருவரே, ராஜாவும் ஒருவனே. முடிவுகள் மட்டும் ஏன் வேறாயின?

இருவரில் யார் இயேசுவுக்கு நெருக்கமானவர் என்று பார்த்தால் வித்தியாசம் கிடைக்காது. இருவரும் கலிலேயாக் கடலில் வலை வீசியவர்கள். தொழிலில் கூட்டாளிகள் என்றே லூக்கா சொல்கிறார். யவீருவின் மகள் உயிர்பெற்ற அறையிலும், மறுரூப மலையிலும், கெத்செமனேயிலும் யோவானோடு உடனிருந்தவர்கள் இவர்களே. கெத்செமனேயில் இருவரும் தூங்கினார்கள். ஆண்டவரைப் பிடித்தபோது சீடர் எல்லாரும் ஓடினார்கள். அன்றிரவே மூன்று முறை அவரை மறுதலித்தவர் பேதுரு. அற்புதம் தகுதிக்குக் கிடைக்கும் பரிசு என்றால், சிறைக்கதவு யாருக்குத் திறந்திருக்க வேண்டும்?

யாக்கோபின் மரணம் ஒரே வசனத்தில் முடிகிறது. பேதுருவின் விடுதலையையோ லூக்கா விரிவாக எழுதுகிறார். நான்கு நான்கு பேராகப் பதினாறு சேவகர் காவல். இரண்டு சங்கிலிகள். விசாரணைக்கு முந்தைய இரவு, இரண்டு சேவகருக்கு நடுவே பேதுரு தூங்குகிறார். தூதன் விலாவில் தட்டி எழுப்புகிறான். சங்கிலிகள் கழன்று விழுகின்றன. இரும்புக்கதவு தானாகத் திறக்கிறது. நடப்பது நிஜம் என்று பேதுருவுக்கே தெரியவில்லை. தரிசனம் என்று நினைத்துக்கொண்டே நடக்கிறார்.

ஜெபித்தவர்களின் நிலையும் அதுதான். மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளின் வீட்டில் பலர் கூடி ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். பேதுரு வாசலில் நிற்பதாக ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னபோது, அவளைப் பிதற்றுகிறாய் என்றார்கள். கேட்டது கிடைத்ததை நம்பாதவர்களின் ஜெபத்துக்கும் பதில் வந்தது. இதே சபை யாக்கோபுக்காக ஜெபித்ததா என்று லூக்கா எழுதவில்லை. ஜெபிக்காமல் இருந்திருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை.

என் அக்கா புற்றுநோயில் படுத்திருந்தபோது நாங்கள் உபவாசமிருந்து ஜெபித்தோம். அவள் பிழைக்கவில்லை. அதே வார்டில் இருந்த இன்னொரு பெண் சுகமாகி வீடு திரும்பினார். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அம்மாவைப் பல வருடம் வாட்டியது. விசுவாசத்தை அளந்து அதற்கேற்ப அற்புதம் நிறுத்துக் கொடுக்கும் தராசு எதுவும் இந்த அதிகாரத்தில் இல்லை என்பதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அப்படியானால் பேதுருவின் அற்புதம் எதற்கு? தொடர்ந்து வாசித்தால் ஒரு பதில் தெரிகிறது. 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து, புறஜாதியார்மேல் நுகத்தடியை வைக்க வேண்டாம் என்று வாதாடுகிறார் பேதுரு. விடுதலை அவருக்கு வேலையைத் தந்தது. மரணத்திலிருந்து அவருக்கு நிரந்தர விலக்கு கிடைக்கவில்லை. நீரோவின் காலத்தில் ரோமில் அவர் இரத்தசாட்சியாக இறந்தார் என்பது ஆதிச்சபையின் பாரம்பரியம். யாக்கோபின் மரணமும் வீணல்ல. ஆண்டவர் குடிக்கும் பாத்திரத்தைக் குடிக்கக் கூடுமா என்று கேட்கப்பட்டபோது, கூடும் என்று யோவானோடு சேர்ந்து பதில் சொன்னவர் அவர். அந்தப் பதிலை உயிரால் நிறைவேற்றினார்.

அற்புதங்களை நான் முழுமனதோடு நம்புகிறேன். வியாதியஸ்தருக்காகச் சுகம் கேட்டு இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் அற்புதம் நடந்ததா இல்லையா என்பதைக் கொண்டு ஒருவரின் விசுவாசத்தை எடைபோட மாட்டேன். நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் சுகமானவர்களையே மேடைக்கு அழைக்கிறோம். பிள்ளையை அடக்கம்பண்ணிவிட்டு மறு ஞாயிறும் ஆராதனைக்கு வந்து பாடும் தாயையும் அழைப்போம். யாக்கோபையும் பேதுருவையும் ஒரே அதிகாரத்தில் வைத்த வேதத்தை நம்புகிறவர்கள் அந்தத் தாயின் சாட்சியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.