கடை வாசலும் விடுதி வாயிலும்: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 'தற்காலிகம்' நீண்ட கதை

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2020 ஏப்ரல் 7 அன்று கொவிட்-19 (தற்காலிக நடவடிக்கைகள்) சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. அன்றே தொடங்கிய கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் ஜூன் 1 வரை நடப்பிலிருந்தது. ஜூன் 19 முதல் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் திறந்தன. உணவகங்களில் ஐவர் வரை சேர்ந்து அமர்ந்து உண்ண முடிந்தது. வணிகத்தின் மீதான தடைக்காலத்தை இத்தேதிகளைக் கொண்டு அளப்பதே வழக்கம். லிட்டில் இந்தியாவுக்கு இந்த அளவை பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். அவ்வட்டார வணிகம் தன் கடை வாசலைவிட வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளின் வாயிலையே அதிகம் நம்பியிருந்தது.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையின் வார வருமானத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி இடம் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புவது, மளிகை வாங்குவது, நண்பரோடு அமர்ந்து சாப்பிடுவது எல்லாம் ஊழியர்களுக்கு ஒரே நடையில் முடியும் வேலைகள். 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலிலும் தோ குவானிலும் இரு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. அம்மாதத்துக்குள் ஏறக்குறைய 3,23,000 விடுதிவாசிகளின் நடமாட்டமும் முடங்கியது. மளிகைக் கடைகளை மூடும்படி சட்டம் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் அவற்றின் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்கள் விடுதிகளுக்குள் இருந்தார்கள்.

கடைகள் திறந்த பிறகும் விடுதிவாசிகள் வேலைக்கும் பொழுதுபோக்கு நிலையங்களுக்கும் மட்டுமே செல்ல முடிந்தது. வாரத்துக்கு 500 பேர் வரை வெளியே வர அனுமதிக்கும் முன்னோட்டத் திட்டம் 2021 செப்டம்பரில் தொடங்கியபோது முதல் குழு வந்த இடமே லிட்டில் இந்தியாதான். விடுதியை விட்டு வெளியேறத் தேவைப்பட்ட அனுமதிச் சீட்டு 2022 ஜூன் 24 அன்று நீங்கியது. அப்போதும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு வட்டாரங்களுக்குச் செல்ல 80,000 சீட்டுகள் என வரம்பு இருந்தது. பொதுவான சில்லறைக் கடைக்குத் தடை பத்து வாரத்தில் முடிந்தது. லிட்டில் இந்தியாவில் அதன் விளைவு இரண்டாண்டுகளைத் தாண்டியது.

நிவாரணம் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. 2020 ஜூன் சட்டத்திருத்தம் தகுதிபெற்ற சிறு, நடுத்தரக் கடைகளுக்கு நான்கு மாத வாடகை வரை தள்ளுபடி தந்தது. இதன் சுமையை அரசும் கட்டட உரிமையாளர்களும் பகிர்ந்துகொண்டார்கள். உரிமையாளர் தரப்புப் பங்கைப் பெற, ஏப்ரல், மே மாதங்களின் சராசரி வருவாய் முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடேனும் குறைந்திருக்க வேண்டும். வருவாயைக் கொண்டு இழப்பை அளந்தது சரியே. ஆனால் அளக்க எடுத்துக்கொண்ட காலம் இரண்டே மாதம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். எல்லைகள் மூடியதால் சுற்றுப்பயணிகளும் வரவில்லையே என்பது ஒன்று. உண்மைதான், இழப்பு முழுவதையும் விடுதிக் கட்டுப்பாட்டின் கணக்கில் எழுத முடியாது. விடுதிகளை மூடியது மருத்துவத் தேவை என்பது மற்றொன்று. 2020 டிசம்பரில் வெளியான கணக்கின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்பதால் தொடக்ககாலத் தேவையை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்பதும், அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

லிட்டில் இந்தியாவுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு இரவு, அங்குள்ள ரேஸ் கோர்ஸ் சாலையில் கலவரம் மூண்டது. அடுத்த ஆண்டு லிட்டில் இந்தியாவுக்கென்றே ஓராண்டுத் தற்காலிகச் சட்டம் வந்தது. அது காலாவதியானபோது 2015ஆம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்தில் அமர்ந்து, லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக்கியது. அப்போதும் கொவிட் காலத்திலும் கட்டுப்படுத்தப்பட்டது கூட்டம். இரு முறையும் கல்லாப்பெட்டியில் குறைந்தது ஞாயிற்றுக்கிழமை வரவு.

ஆகவே இனி வரும் தற்காலிகச் சட்டங்களில், கடையை மூடும் ஆணையும் வாடிக்கையாளரைத் தடுக்கும் ஆணையும் நிவாரணக் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும். அவற்றைப் பிறப்பிக்கும் அமைச்சுகள் வேறு என்பதால் கடைக்காரர் கட்டும் வாடகை குறைந்துவிடுவதில்லை.