ஹ்லீன் கடற்கரையில் ஒரு வாரம்

மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். போன முறை நானும் மனைவியும் அங்கே இருந்தபோது பேத்திகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தது. வேல்ஸின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஹ்லீன் தீபகற்பத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு காட்டேஜ் எடுத்தான். முழங்கை நீளத்துக்குக் கனமான கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல். குழந்தைகளுக்கு அடுக்குக் கட்டில், மாடிப்படிக்குத் தடுப்பு, மணலில் விளையாட வாளி எல்லாம் வைத்திருந்தார்கள்.

'ஹ்லீன்' என்பதில் வரும் முதல் எழுத்து லேசில் வராது. 'ல'வுக்கு நாக்கை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊத வேண்டும். 'ழ' சொல்லத் தெரிந்த பெருமையில் இருந்த எனக்கே மூன்று நாள் ஆயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் நடக்கப் போனால், பக்கத்தில் பல வீடுகள் இருட்டாகவே கிடந்தன. எல்லாம் விடுமுறை வீடுகளாம். வெளியூர்ப் பணம் வந்து விலை ஏறியதில், உள்ளூர்ப் பிள்ளைகளால் சொந்த ஊரில் வீடு வாங்க முடியவில்லை. அவர்கள் வெளியேறினால் பள்ளிக்கூடம் சுருங்கும், கூடவே மொழியும் சுருங்கும். 1911 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 43.5 சதவீதம் பேர் வேல்ஷ் பேசினார்கள்; 2021இல் 17.8 சதவீதம். ஹ்லீன் அடங்கிய க்வினெத் பகுதியில் மட்டும் இன்னும் 64 சதவீதம்.

இந்தக் கோபம் ஒரு காலத்தில் தீயாகவே எரிந்தது. 1979 டிசம்பரில் தொடங்கி தொண்ணூறுகள் வரை, 'க்ளின்டூரின் மைந்தர்கள்' என்ற ரகசியக் கூட்டம் இருநூறுக்கும் மேற்பட்ட விடுமுறை வீடுகளுக்கும் சொத்துகளுக்கும் தீ வைத்தது. இப்போது சட்ட வழி. 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீட்டுக்கு வழக்கமான உள்ளாட்சி வரிக்கு மேல் 150 சதவீதம் கூடுதலாக வாங்குகிறது க்வினெத் கவுன்சில். இதைப் படித்த ராத்திரி, அடுத்தவர் வீட்டில் படுத்திருப்பது போல ஒரு கூச்சம். வாடகை கொடுத்துத்தான் இருக்கிறோம் என்றான் மகன். அதுவும் சரிதான்.

நாலாம் நாள் நாண்ட் குர்த்தேர்ன் போனோம். மலையிலிருந்து கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்கு. கார் இறங்கும்போது மனைவி கண்ணைத் திறக்கவே இல்லை. அங்கே கருங்கல் குவாரி இருந்தது. சாலையில் பாவும் கல்லாக வெட்டி, கப்பலில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் அனுப்பினார்கள். தொழிலாளிகளுக்காக 1878இல் ஊரே கட்டினார்கள்: 'கடல் பார்வை', 'மலை பார்வை' என்று இரண்டு வரிசை வீடுகள், ஒரு தேவாலயம். இரண்டாம் உலகப்போரோடு குவாரி ஓய்ந்தது. 1959இல் கடைசிக் குடும்பமும் மேலேறிப் போய்விட்டது. கூரை விழுந்தது, ஆடுகள் குடியேறின.

அதை மீட்டவர் பக்கத்து ஊர் டாக்டர் கார்ல் க்ளோவ்ஸ். மான்செஸ்டரில் வளர்ந்து, பெரியவரான பிறகு வேல்ஷ் கற்றவர். ஊர்க்காரர்களைச் சேர்த்து அறக்கட்டளை அமைத்து, 1978இல் அந்தப் பாழூரை 25,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். கையில் பணமில்லை, கரண்டும் இல்லை. வசூல் செய்து, ஒவ்வொரு வீடாகக் கூரை போட்டு, 1982இல் வேல்ஷ் மொழி வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். கற்க வருகிறவர்கள் இன்றும் அந்தக் குவாரி வீடுகளில்தான் தங்குகிறார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் இடம் உண்டு. வாடகை வீடுதான், ஆனால் வாடகை அந்த மொழிக்கே போகிறது. முன்பே தெரிந்திருந்தால் அங்கேயே அறை எடுத்திருக்கலாம்.

காபி கொடுத்த பெண்ணிடம் சின்னவள் 'தியோல்ஹ்' என்றாள். நன்றி என்று அர்த்தம். அந்தப் பெண் மடமடவென்று வேல்ஷில் ஏதோ பதில் சொல்ல, இவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மான்செஸ்டர் திரும்பியதும், பழைய தெருக்களில் கல் பாவிய இடமெல்லாம் நின்று நின்று பார்த்தேன். எந்தக் கல் எந்தக் குவாரியோ! "கீழே பார்த்தே நடக்காதீங்க, வண்டி வருது" என்று கையைப் பிடித்து இழுத்தாள் மனைவி.