கருணாபுரத்திற்கு எத்தனை தூரம்?

தியானப் பகுதி: ரோமர் 15:25-27



சென்ற மாதம் நம் வாலிபர் ஐக்கியக் கூடுகையில் ஒரு விண்ணப்பம் எழுந்தது. வெளிநாட்டில் வறுமையில் வாடும் ஒரு கிராமத்திற்குச் சென்று இரண்டு வாரங்கள் தங்கி, பள்ளிக்குச் சுவர் எழுப்பவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரவும் அவர்களில் சிலர் விரும்புகின்றனர். அதற்கென ஒரு சிறப்புக் காணிக்கை எடுக்க வேண்டும் என்றும் கேட்டனர். அவர்களுடைய ஆர்வத்திற்காகத் தேவனைத் துதிக்கிறேன். எனினும், முடிவெடுக்கும் முன் நம் சபைகளின் பழைய வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம் என்று அவர்களிடம் சொன்னேன். ஏனெனில், ஒரு காலத்தில் கடலுக்கு அப்பாலுள்ள அந்தக் கிராமம் நாமாகவே இருந்தோம்.

மேலே குறித்த பகுதியில் பவுல் அப்போஸ்தலன் ஒரு காணிக்கையைப் பற்றி எழுதுகிறார். மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ள சபையார், எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேர்த்தார்கள். அதை அவர் தருமம் என்று கருதவில்லை; கடன் என்கிறார். எருசலேமிடமிருந்து ஆவிக்குரிய நன்மையைப் பெற்றவர்கள், சரீர நன்மைகளால் அவர்களுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்பதே அவருடைய நியாயம். கொடுக்கிறவனும் முன்னொரு நாள் வாங்கியவன்தான். இந்த நினைவு இல்லாத உதவி, வாங்குகிறவனைத் தலைகுனியச் செய்துவிடும்.

நாம் வாங்கிய கதை 1706-இல் தரங்கம்பாடிக் கரையில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் புளுச்சோவும் அங்கே வந்திறங்கினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர்; அவர்களைத் தாங்கியவர்களோ பெரும்பாலும் ஜெர்மானிய ஊர்களின் எளிய விசுவாசிகள். மிஷனெரிகளின் கடிதங்கள் ஹாலே நகரில் அச்சாகிப் பரவின. தரங்கம்பாடி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில்கூடக் காட்டத் தெரியாதவர்கள் அவற்றை வாசித்துக் காணிக்கை அனுப்பினார்கள். இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சு இயந்திரம் கப்பலேறி வந்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றது.

ஆனால் அந்தப் பணத்தையும் இயந்திரத்தையும் பயனுள்ளதாக்கியது வேறொன்று. சீகன்பால்கு ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் இருப்பிடத்திற்கே வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார். 1719-இல், 36 வயதில், இம்மண்ணிலேயே அவர் கண்மூடினார். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் அதே தரங்கம்பாடியில் குருவாக அபிஷேகம் பெற்றபோது, வாங்கிய சபை தன் காலில் நிற்கத் தொடங்கியது.

இப்போது தென்னார்க்காட்டுப் பக்கம் வருவோம். 1821-இல் கோபன்ஹேகன் அருகேயுள்ள லிங்பி என்ற ஊரின் சபைப் போதகர் போனே ஃபால்க் ரோன்னே, டேனிஷ் மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கினார். ஓர் ஊர்ச் சபையின் அக்கறையில் பிறந்த சங்கம் அது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவராக இங்கே பணியாற்றிய கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியில் தம் மிஷனோடு முரண்பட்டு விலகினார். 1860-களின் தொடக்கத்தில், இன்றைய கடலூர் மாவட்டத்துப் பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பணித்தளத்தை அமைத்தார். பிறகு டேனிஷ் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றுக்கொண்டது. திருக்கோவிலூர் மருத்துவமனையும் திருவண்ணாமலைப் பள்ளியும் இன்றுவரை 'டேனிஷ் மிஷன்' என்ற பெயரைத் தாங்கி நிற்பது இந்த வழியில்தான். அந்தப் பணியின் கனியே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. டென்மார்க்கில் இன்றும் அச்சங்கத்தின் வழிவந்த அமைப்புக்காகப் பழைய பொருள்களை விற்கும் கடைகளைச் சபை மக்கள் ஊதியமின்றி நடத்துகிறார்கள். தம் வீட்டுப் பழைய நாற்காலியை ஒருவர் கொடுக்க, மற்றொருவர் அதைத் துடைத்து விலைக்கு வைக்கிறார்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வெளிநாட்டுப் பணம் வந்த இடத்தில் வெளிநாட்டு அதிகாரமும் வந்தது. பங்களா ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமுமாக ஊழியம் பிரிந்தது. 1909-இல் டென்மார்க்கிலிருந்து வந்த அன்னே மேரி பீட்டர்சன் அம்மையார் இந்த இடைவெளியைக் கண்டு வருந்தியவர்களில் ஒருவர். அவர் மிஷன் சங்கத்தை விட்டு விலகிப் பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்காகச் சேவா மந்திர் என்ற கல்வி நிலையத்தை நிறுவினார். 1921-இல் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார். கதர் உடுத்தி, இந்நாட்டு மக்களுள் ஒருவராகவே வாழ்ந்து, 1951-இல் அம்மையார் மறைந்தார்.

பெற்றுக்கொண்டவர்கள் கொடுக்கத் தொடங்கிய கதை இதைவிட இனியது. 1816 முதல் அமெரிக்க மிஷனெரிகளின் பணியால் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களிடையே, 1900-ஆம் ஆண்டளவில் மாணவர்களின் அந்நிய மிஷனெரிச் சங்கம் ஒன்று எழுந்தது. அவர்கள் ஊழியரை அனுப்பிய அந்நிய நாடு எது தெரியுமா? பாக் நீரிணைக்கு இப்பால், இராமநாதபுரம் சீமையிலுள்ள தொண்டி! நம் கரையோரக் கிராமங்களே அவர்களுக்குக் கடல்கடந்த ஊழியத்தளமாயின.

1902-இல் யாழ்ப்பாணம் சென்ற திருநெல்வேலி இளைஞர் ஒருவர் இதைக் கண்டு வெட்கமும் உற்சாகமும் ஒருங்கே அடைந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாதான் அவர். மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. ஊழியரும் பணமும் நிருவாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியிலிருந்த, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதியை அது தன் பணித்தளமாகக் கொண்டது. 1909-இல் அசரியா தாமே அங்கே குடியேறித் தெலுங்கு கற்றார். 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அத்திருநிலையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இதற்கிடையே, 1910-இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். மேலைநாட்டுச் சபைகள் செய்த தியாகங்களுக்கு நன்றி கூறிய பிறகு, எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்ற பொருளில் வேண்டினார். பொருளும் உழைப்பும் உயிரும்கூட வந்தன. சமமாக அமர்ந்து உண்ணும் சிநேகம் வரவில்லை என்பதே அவருடைய துயரம். கிராமங்களை ஆட்டிவைக்கும் நான்கு பேய்கள் என அழுக்கு, நோய், கடன், குடி ஆகியவற்றை அவர் குறிப்பிடுவார் என்பர்.

அன்பானவர்களே, அந்த நான்காவது பேய் நம்மைக் கருணாபுரத்திற்கு அழைத்துச் செல்கிறது.

2024 ஜூன் 18, 19 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகள் நிரம்பின. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால், உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணின் ஒளியைக் கெடுக்கும். பின்பு உயிரையே குடிக்கும். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பெண்களும் அவர்களுள் இருந்தனர். தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு.

அந்த வாரம் கல்வராயன் மலையின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. அதைச் சாராயம் காய்ச்சும் மலையாக மட்டுமே பலர் அறிந்திருந்தனர். அம்மலைவாழ் மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் சென்ற பின்னரே அவர்கள் அதிலிருந்து மீண்டார்கள். இத்துயரத்திற்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய வாழ்நிலையைத் தானாகவே முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் எட்டாத இடத்தைப் பழிக்கும் முன்பு, அவை ஏன் எட்டவில்லை என்று கேட்பதே கிறிஸ்தவ நியாயம்.

இங்கே என் குற்றத்தையும் அறிக்கையிட வேண்டும். அந்த ஜூன் மாதத்து ஞாயிறுகளில் கருணாபுரத்தின் பெயரைச் சொல்லி நான் ஜெபித்தேன். நீங்களும் கண்ணீரோடு ஆமென் சொன்னீர்கள். ஆகஸ்டில் அந்தப் பெயர் ஜெபக்குறிப்பில் இல்லை. அதை நீக்கும்படி யாரும் சொல்லவில்லை, நானே மறந்துபோனேன். சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அடையக்கூடிய அவ்வூருக்கு நம்மில் ஒருவரும் சென்றதில்லை. தரங்கம்பாடியை வரைபடத்தில் காட்டத் தெரியாத ஹாலே நகரத்து விதவையைவிட நாம் கருணாபுரத்திற்கு அதிகத் தொலைவில் இருந்தோம். எரிகோ வழியில் விலகிப்போன ஆசாரியனைப் பற்றிப் பலமுறை பிரசங்கித்த எனக்கு, என் கால்தடமும் அவ்வழியில் கிடப்பது தெரியவில்லை.

ஆகவே, நம் வாலிபர்களின் விண்ணப்பத்திற்கு என் பதில் இது. கடல் கடந்து செல்வதை நான் தடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் தொண்டிக்கு வராதிருந்தால், பாளையங்கோட்டை தோர்ணக்கல்லை நினைத்திருக்குமோ என்னவோ! ஆனால் புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு உங்களுக்குள்ளே விடை தேடுங்கள். அவ்வூராரின் மொழியில் பத்து வார்த்தைகளையாவது கற்றிருக்கிறோமா? எழுப்பப்போகும் சுவர் அவர்கள் கேட்டதா, நாம் எண்ணியதா? அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவர்களை நினைத்திருப்போமா? இரண்டு வாரத்தில் சுவர் எழும்பும். சிநேகம் எழும்பக் காலம் வேண்டும்.

அதோடு, இந்தப் பாடத்தை அருகிலேயே பயிலத் தொடங்குவோம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு வைப்புத்தொகையும் மாதாந்திர உதவியும் கல்விச் செலவும் அறிவித்தது. அது தேவை. ஆயினும், வீட்டுப்பாடத்தைக் கேட்கவும், மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மகிழவும், குடியை விட முயலும் ஒருவரோடு மருத்துவமனை வாசலில் காத்திருக்கவும் மனிதர் வேண்டும். அவ்வூரில் ஏற்கெனவே உழைப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் நிற்போம். நிழற்படக் கருவியை எடுத்துச் செல்ல வேண்டாம். துண்டுப்பிரதியும் வேண்டாம். துக்கவீட்டில் நம் பெயரையோ நம் சபையின் பெயரையோ விதைக்கலாகாது. இளைத்தவரின் கண்ணீருக்கு நாம் விலை கேட்கக் கூடாது. போய் உட்கார்ந்து கேட்போம். மணலில் விரல் வைத்து எழுதிய அந்த மனிதரைப்போல நாமும் முதலில் மாணவராவோம்.

அடுத்த மாத முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் இதைக் குறித்துக் கூடிப் பேசுவோம். வாலிபர் மட்டுமன்றிப் பெரியவர்களும் தங்கியிருங்கள். கருணாபுரம் என்ற பெயர் அன்று முதல் நம் ஜெபக்குறிப்பில் திரும்ப இடம்பெறும். இம்முறை அதை எடுத்துவிடாதபடி என்னை நீங்கள் கண்காணியுங்கள்.

ஜெபிப்போம்: கர்த்தாவே, தூரத்திலிருந்து எங்களைத் தேடி வந்தவர்களுக்காக உமக்கு நன்றி. நாங்கள் பட்ட கடனை எங்களுக்கு நினைப்பூட்டும். அருகில் இருப்பவர்களைத் தூரமாக்கிய எங்கள் மறதியை மன்னியும். கொடுக்கும் கையோடு, கூட அமரும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.